வைஃபை அட்டை மயங்கி விழும்போது

வீட்டில் இணையம் நின்றால் முதல் பழி ரவுட்டர் மேல்தான் விழும். எழுந்து போய் அணைத்து, பத்து எண்ணிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் இணையமும் வந்திருக்கும். நோய் ரவுட்டரில்தான் இருந்தது என்று முடிவுகட்டிவிடுவோம். ஆனால் ரவுட்டர் போய்வந்த அந்த இரண்டு நிமிடத்தில் மடிக்கணினியின் வைஃபை அட்டையும் இணைப்பை அறுத்துக்கொண்டு புதிதாக இணைந்திருக்கும். இரண்டில் எது குணமானது என்று அதற்கப்புறம் சொல்ல முடியாது.

லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில் இந்தக் கோளாறுக்குத் தனி முகம் உண்டு. வைஃபை குறி திரையில் அப்படியே இருக்கும், இணைந்திருப்பதாகவே சொல்லும், பக்கம் மட்டும் திறக்காது. சில விநாடி கழித்துத் தானாகவே சரியாகும். இல்லாவிட்டால் குறியே காணாமல் போய், வைஃபை சாதனம் எதுவும் இல்லை என்று அமைப்புப் பலகை கைவிரிக்கும். பக்கத்தில் இருக்கும் கைபேசி அதே வைஃபையில் வீடியோ ஓட்டிக்கொண்டிருந்தால் ரவுட்டரை விட்டுவிடலாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் டெர்மினலைத் திறந்து ரவுட்டரின் உள்முகவரிக்கு ஒரு பிங் ஓடவிடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1. அடுத்த முறை இணையம் நிற்கும்போது பிங்கும் நின்றால் கோளாறு உங்கள் மேசைக்கும் ரவுட்டருக்கும் நடுவில். பிங் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே. இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், இந்த அத்தியாயம் உங்களுக்குத் தேவைப்படாது.

அட்டைக்குள் ஒரு கணினி

இன்றைய மடிக்கணினிகளின் வைஃபை அட்டை 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். தபால்தலை அளவுதான். அதற்குள் ஒரு செயலி, கொஞ்சம் நினைவகம், ரேடியோ எல்லாம் உண்டு. அந்தச் செயலியில் ஓடும் நிரலைத்தான் ஃபர்ம்வேர் என்கிறோம். பெரும்பாலான அட்டைகள் இந்த நிரலைத் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மடிக்கணினி எழும்போதும் லினக்ஸ் கர்னலின் டிரைவர், லிப் அடைவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் அடைவிலிருந்து கோப்பை எடுத்து அட்டைக்குள் ஏற்றுகிறது. அதன் பிறகே அட்டைக்கு உயிர்.

டிரைவரின் ஒவ்வொரு வரியும் திறந்த மூலம். யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஃபர்ம்வேர் அப்படியல்ல. தயாரிப்பாளர் தொகுத்துக் கையொப்பமிட்டுத் தரும் மூடிய பொட்டலம் அது. டிரைவர் வாசலில் நிற்கும் ஆள் மாதிரி. உள்ளே கட்டளையைக் கொடுப்பார், பதிலை வாங்குவார். உள்ளே ஆள் மயங்கி விழுந்தால் அணைத்து மறுபடி எழுப்பத்தான் அவரால் முடியும். இந்த அத்தியாயம் முழுக்க நிற்பது இந்த ஒரு விஷயத்தின் மேல்தான். ஃபர்ம்வேரை நீங்களும் நானும் திருத்த முடியாது. எது அதை இடறிவிடுகிறது என்று கண்டுபிடிக்கலாம், அதை விலக்கலாம், விழாத பதிப்புக்கு மாறலாம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏதெராஸ் நிறுவனத்தின் பழைய அட்டைகள் சில, ஏடிஎச்9கே டிரைவரோடு, ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் எதுவும் இல்லாமலே ஓடின. அதே குடும்பத்து யூஎஸ்பி அட்டைகளின் ஃபர்ம்வேர் மூலநிரல் 2013இல் வெளியானது. கட்டற்ற மென்பொருளில் கறாராக இருப்பவர்கள் இன்றும் அந்தப் பழைய அட்டைகளைத் தேடி வாங்குவது இதனால்தான். மற்றவர்கள் சமரசம் செய்துகொண்டோம். கறாருக்குப் பேர்போன டெபியன் என்ற லினக்ஸ் வினியோகம்கூட 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, மூடிய ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்க்க ஒப்புக்கொண்டது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

லாக்கைப் படிப்பது

மருந்துக்கு ஓடும் முன் லாக்கைப் பாருங்கள். கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு: தட்டும்போது எல்லாமே சிறிய எழுத்து, நான் அடிக்கோடு என்று சொல்லும் இடத்தில் அடிக்கோடு.

முதலில் உங்கள் அட்டை எது என்று தெரிய வேண்டும். எல்எஸ்பிசிஐ கட்டளையை ஹைஃபன் என்என்கே என்ற விருப்பத்தோடு ஓட்டுங்கள். நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் பத்தியில் அட்டையின் பெயரும், கடைசி வரிகளில் எந்த டிரைவர் அதை ஓட்டுகிறது என்பதும் இருக்கும். இன்டெல் என்றால் டிரைவரின் பெயர் ஐடபிள்யூஎல்வைஃபை. குவால்காம் என்றால் பெரும்பாலும் ஏடிஎச்10கே அல்லது ஏடிஎச்11கே. ரியல்டெக் என்றால் பெரும்பாலும் ஆர்டிடபிள்யூ88 அல்லது 89. மீடியாடெக் என்றால் எம்டி என்று தொடங்கி எண்கள் வரும். இதைத் தாளில் எழுதி வையுங்கள். ஒரு டிரைவருக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் வைத்தியப் பிழை. கொடுத்தாலும் பெரும்பாலும் கெடுதல் வராது, நன்மையும் வராது, செய்தோம் என்ற நிம்மதி மட்டும் வரும்.

அடுத்து, ஜர்னல்சிடிஎல் கட்டளையை ஹைஃபன் கே, ஹைஃபன் பி விருப்பங்களோடு ஓட்டினால் இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து கர்னல் சொன்ன எல்லாம் வரும். ஏற்கெனவே மறுதொடக்கம் செய்துவிட்டீர்கள் என்றால் பி எழுத்தின் பின்னே மைனஸ் 1 சேருங்கள். போன முறையின் லாக் கிடைக்கும். பலர் இதை கிரெப்பில் வடிகட்டி டிரைவர் பெயர் உள்ள வரிகளை மட்டும் எடுக்கிறார்கள். எடுக்கலாம், விழுந்த நேரம் எது என்று கண்டுபிடிப்பதற்கு மட்டும். நேரம் தெரிந்ததும் வடிகட்டாத லாக்குக்குத் திரும்பி, அந்த நேரத்துக்கு முந்தைய இருபது முப்பது வரிகளைப் படியுங்கள். மடிக்கணினி அப்போதுதான் உறக்கத்திலிருந்து எழுந்ததா, பிசிஐ பாதையில் பிழை என்று வேறொரு டிரைவர் முனகியதா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஃபர்ம்வேர் விழுந்தால் லாக்கில் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள் வரிசை வரிசையாகக் கொட்டும். பார்த்தால் பயமாக இருக்கும். பயப்பட வேண்டாம், அவை தயாரிப்பாளரின் பொறியாளர்களுக்கு எழுதப்பட்டவை. உங்களுக்கு வேண்டியது அந்தக் கொட்டலின் முதல் வரி. அதை வைத்துக் கோளாறு மூன்று வீட்டில் எந்த வீட்டைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம்: ஃபர்ம்வேர் ஏறவே இல்லை, ஏறி ஓடும்போது விழுந்தது, அட்டையே காணாமல் போனது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இன்டெல் அட்டையை வைத்துச் சொல்கிறேன், மடிக்கணினிகளில் பரவலாக இருப்பது அதுதான் என்பதால்.

ஏறவே இல்லை

இன்னின்ன யூகோட் (ஃபர்ம்வேர்) கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2 என்று ஒரு வரி. அடுத்து எண் ஒன்று குறைந்த இன்னொரு கோப்பு, அதற்கும் மைனஸ் 2. இப்படி நாலைந்து வரியைப் பார்த்துவிட்டுக் கலங்கிப் போகிறவர்கள் உண்டு. மைனஸ் 2 என்றால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை, அவ்வளவுதான். டிரைவர் தனக்குத் தெரிந்த ஆகப் புதிய பதிப்பு எண்ணில் தொடங்கி, கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். ஏதோ ஒரு படியில் கிடைத்து, ஏற்றப்பட்ட பதிப்பு இது என்று அடுத்து வந்துவிட்டால் எல்லாம் நலம். நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட் என்று முடிந்தால் மட்டுமே உண்மையான பஞ்சம்.

பஞ்சம் என்றால் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவ வேண்டும். உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர், டெபியனில் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை. நிறுவ இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு ஃபர்ம்வேர் வேண்டும் என்ற கண்ணாமூச்சியிலிருந்து தப்ப எளிய வழி கைபேசி. யூஎஸ்பி கம்பியில் மாட்டி, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பொதுவாக எந்த டிரைவரும் தேட வேண்டியிருக்காது.

கோப்பு இருந்தும் ஏறாமல், மைனஸ் 110 என்று முடிந்தால் கதை வேறு. அது நேரம் கடந்துவிட்டது என்பதன் குறி. டிரைவர் நிரலை ஏற்றிவிட்டு, எழுந்துவிட்டேன் என்ற பதிலுக்குக் காத்திருந்தது, பதில் வரவில்லை. விண்டோஸும் லினக்ஸும் ஒரே மடிக்கணினியில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி உறங்கப் போகிறது. அட்டையும் விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே இருக்க, அடுத்து வரும் லினக்ஸ் டிரைவரால் அதை எழுப்ப முடியாமல் போகலாம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் அந்த வசதியை அணையுங்கள். பிறகு ஒருமுறை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தபின் லினக்ஸைத் தொடங்குங்கள். விண்டோஸில் நன்றாக ஓடுகிறது, லினக்ஸில்தான் ஓடவில்லை என்ற புகார்களில் சில இத்தோடு தீர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஓடும்போது விழுகிறது

மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் டிடெக்டட், ரீஸ்டார்ட்டிங். இதுதான் இன்டெல் அட்டை மயங்கி விழும்போது வரும் முதல் வரி. குவால்காம் டிரைவர் இன்னும் வெளிப்படை. ஃபர்ம்வேர் கிராஷ்டு என்று ஆச்சரியக்குறி போட்டே எழுதும். இன்டெல்லில் அதன் கீழே ஏறியிருக்கும் ஃபர்ம்வேரின் பதிப்பும், விழுந்த காரணத்துக்கு ஒரு பெயரும் வரும். என்எம்ஐ இன்டரப்ட் டபிள்யூடிஜி என்றால் உள்ளே இருக்கும் காவல் கடிகாரம், நிரல் நின்றுவிட்டது என்று கண்டு மணியடித்தது என்று பொருள். அட்வான்ஸ்டு சிஸ்அசர்ட் என்றால் நிரல் தன் கணக்கில் ஏதோ இடித்ததைக் கண்டு தானே நிறுத்திக்கொண்டது. இந்தப் பெயரை வைத்து நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். காய்ச்சல் என்ற சொல் எத்தனை நோய்க்குப் பொருந்துமோ, அசர்ட் என்ற சொல் அத்தனைக்குப் பொருந்தும். உங்களுடைய அதே வரியை இன்னொருவர் பதித்திருந்தார், அவருக்கு ஒரு மருந்து பலித்தது என்றால், அவருடைய அட்டையும் ஃபர்ம்வேர் பதிப்பும் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் அது வேறு ஊர்க் காய்ச்சல்.

இந்த வகையில் டிரைவர் தானே அட்டையை மறுபடி எழுப்பும். ஹார்ட்வேர் ரீஸ்டார்ட் வாஸ் ரிக்வெஸ்டட் என்ற வரி அதற்குச் சாட்சி. மாதம் ஒருமுறை விழுந்து சில விநாடியில் எழுந்துவிடுகிறது என்றால் என் ஆலோசனை, ஒன்றும் செய்யாதீர்கள். அடுத்த கர்னல் புதுப்பிப்பு வரட்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை விழுகிறது, காணொளிக் கூட்டம் நடுவில் அறுந்துபோகிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு முறை விழும்போதும் நேரத்தோடு குறியுங்கள்: பேட்டரியிலா சார்ஜரிலா, மூடித் திறந்த பிறகா, பெரிய கோப்பு இறங்கும்போதா, புளூடூத் ஓடுகிறதா, 2.4 கிகாஹெர்ட்ஸிலா 5இலா. மூன்று நாள் போதும். என் நண்பர் ஒருவரின் மடிக்கணினி மாலை ஏழுக்கு மேல் மட்டும் விழுந்தது. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் மாலையில் விழித்துக்கொள்கின்றன, அலைநெரிசல் என்று அவர் ஒரு கொள்கையே வகுத்து வைத்திருந்தார். தாளைப் பார்த்தபோது தெரிந்தது, மாலை ஏழுக்கு மேல்தான் அவர் வெளிநாட்டில் இருக்கும் மகளோடு புளூடூத் ஹெட்போனில் பேசுகிறார். புளூடூத்தும் வைஃபையும் ஒரே அட்டையில், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே அலைவரிசையைப் பங்குபோடுகின்றன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். விழுவது நின்றது. டிரைவரில் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

இடறுவது எது என்று தெரியாவிட்டால் முதல் சந்தேகம் பதிப்பின் மேல். இங்கே ஒரு நுணுக்கம். ஒவ்வொரு கர்னலின் டிரைவருக்கும், இந்த எண்வரைதான் ஃபர்ம்வேர் தெரியும் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஃபர்ம்வேர் தொகுப்பை மட்டும் புதுப்பித்துவிட்டுக் கர்னலைப் பழையதாகவே வைத்திருந்தால், புதிய கோப்பு வட்டில் கிடக்கும். டிரைவர் அதைத் திரும்பியும் பார்க்காது. புதுப்பித்தேன், ஒன்றும் மாறவில்லை என்பவர்கள், லாக்கில் ஏற்றப்பட்ட பதிப்பு எண் உண்மையில் மாறியதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே புதுப்பியுங்கள்.

போன வாரப் புதுப்பிப்புக்குப் பிறகுதான் விழுகிறது என்றால் எதிர்த்திசையில் போங்கள். கணினி எழும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்து இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். கர்னல் அதேதான், ஃபர்ம்வேரில் மட்டும் சந்தேகம் என்றால், ஃபர்ம்வேர் அடைவில் உங்கள் அட்டையின் ஆகப் புதிய கோப்புக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். டிரைவர் அதைக் காணாமல் ஒரு படி கீழே இறங்கி, முந்தைய பதிப்பு வட்டில் இருந்தால் அதை ஏற்றும். முந்தையது இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பல வினியோகங்களில் இந்தக் கோப்புகள் சுருக்கப்பட்டிருக்கும். பெயரின் கடைசியில் எக்ஸ்இசட் அல்லது இசட்எஸ்டி என்ற ஒட்டு தெரியும். அடுத்த புதுப்பிப்பு அந்தக் கோப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பதிப்பு இல்லையென்றால் அடுத்தது மின்சேமிப்பு. அட்டை ஒவ்வொரு நொடியும் பல முறை கண்ணயர்ந்து விழிக்கிறது. விழிக்கும்போதுதான் பல ஃபர்ம்வேர்கள் தடுமாறுகின்றன. ஐடபிள்யூ கட்டளையில் டெவ், பிறகு உங்கள் வைஃபை இடைமுகத்தின் பெயர், பிறகு செட் பவர் அடிக்கோடு சேவ் ஆஃப் என்று கொடுத்தால் உடனே அணையும். மறுதொடக்கத்தில் பழையபடி ஆகும் என்பதால் சோதனைக்குப் பாதுகாப்பானது. பலன் தெரிந்தால் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்-டி அடைவில் சிறு கோப்பு எழுதி நிலையாக்கலாம். அங்கே கனெக்ஷன் என்ற தலைப்பின் கீழ் வைஃபை புள்ளி பவர்சேவ் என்பதற்கு 2 என்று மதிப்புக் கொடுக்க வேண்டும். 2 என்றால் அணை, 3 என்றால் போடு. யார் இப்படி எண் கொடுத்தார்களோ, 0 என்றால் அணை என்று நினைத்து ஏமாறாதவர்கள் குறைவு. உபுண்டுவில் 3 என்று எழுதிய கோப்பு ஏற்கெனவே அங்கே இருக்கும். அதைத் திருத்தினாலே போதும். பேட்டரி சற்று முன்னதாகத் தீரும். அதை ஏற்கலாமா என்பது உங்கள் கணக்கு.

அடுத்து டிரைவரின் அளவுருக்கள். மாடின்ஃபோ கட்டளைக்கு டிரைவர் பெயரைக் கொடுத்தால் அது ஏற்கும் அளவுருக்களும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் வரும். அதைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள். இதை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 11என் அடிக்கோடு டிசேபிள் என்ற அளவுரு ஊரெல்லாம் சர்வரோக நிவாரணியாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சிலர் 1 போடச் சொல்வார்கள், சிலர் 8. பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைக் கூடக்குறையச் செய்வதுபோல் தோன்றும். 1 என்றால் 802.11என் வசதியே அணைகிறது. அதன் மேல் கட்டப்பட்ட ஏசி, ஏஎக்ஸ் இரண்டும் சேர்ந்து போகின்றன. வேகம் விநாடிக்கு 54 மெகாபிட் என்ற 2003ஆம் ஆண்டு நிலைக்கு இறங்கும். 8 என்றால் எதையும் அணைப்பதில்லை. அனுப்பும் பொட்டலங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் முறையைப் போடுகிறது. டிசேபிள் என்ற பெயருக்குள் எனேபிள் ஒளிந்திருக்கிறது. 1 போட்டு விழுவது நின்றால், கோளாறு அதிவேக முறைகளில் எங்கோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நோயை அறியும் சோதனையாக அது நல்லது. தினமும் சாப்பிடும் மருந்தாக மட்டம். ஏஎக்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள் அதற்குப் பதில் டிசேபிள் அடிக்கோடு 11ஏஎக்ஸ் என்பதற்கு 1 கொடுத்துப் பார்க்கலாம். ஏசி வேகம் மிஞ்சும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே தாராளம்.

மின்சேமிப்பை இன்னும் ஆழத்தில் அணைக்க ஐடபிள்யூஎல்எம்விஎம் என்ற துணை மாட்யூலில் பவர் அடிக்கோடு ஸ்கீம் இருக்கிறது. வழக்கமான மதிப்பு 2, எப்போதும் விழித்திருக்கச் செய்ய 1. இவற்றை ஈடிசி அடைவுக்குள் இருக்கும் மாட்ப்ரோப்-டி அடைவில் ஆப்ஷன்ஸ் என்று தொடங்கும் வரியாக எழுதுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்று. நாலையும் சேர்த்துப் போட்டுக் கோளாறு நின்றால் எது நிறுத்தியது என்று தெரியாது. நாலையும் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியதுதான்.

ரியல்டெக் அட்டைக்காரர்களுக்கு ஒரு வரி: அங்கே முதல் சந்தேகம் பிசிஐ பாதையின் மின்சேமிப்பின் மேல் இருக்கட்டும். ஆர்டிடபிள்யூ88 பிசிஐ மாட்யூலில் டிசேபிள் அடிக்கோடு ஏஎஸ்பிஎம் என்ற அளவுரு அதற்காகவே இருக்கிறது. மீடியாடெக்கின் எம்டி7921இ மாட்யூலிலும் அதே பெயரில் ஒன்று உண்டு.

அட்டையே காணோம்

மூன்றாவது வகையை அடையாளம் காண்பது எளிது. லாக்கில் ஓரிடத்தில் எஃப் எழுத்து எட்டு முறை வரிசையாக நிற்கும். பிசிஐ பாதையின் மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இல்லாதபோது, படிக்கும் ஒவ்வொரு பிட்டும் 1 என்றே வரும். அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் எஃப் வரிசை. வாசலில் நிற்பவர் கதவைத் தட்டுகிறார், உள்ளே வீடே இல்லை. எல்எஸ்பிசிஐ ஓட்டினால் அட்டையின் பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்எஃப் என்று நிற்கும், அல்லது அட்டை பட்டியலிலேயே இருக்காது. ஃபர்ம்வேரை மாற்றுவதெல்லாம் இங்கே வீண். மின்சாரம், வெப்பம், பொருத்துமிடம் இந்த மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

மறுதொடக்கம் செய்யாமல் மீட்க ஒரு வழி உண்டு. சிஸ் அடைவுக்குள் பஸ், பிசிஐ, டிவைசஸ் என்று இறங்கினால் உங்கள் அட்டையின் முகவரியில் ஓர் அடைவு இருக்கும். ரூட் உரிமையோடு அதிலுள்ள ரிமூவ் கோப்பில் 1 என்று எழுதினால் கர்னல் அட்டையை மறந்துவிடும். பிறகு பிசிஐ அடைவிலுள்ள ரீஸ்கேன் கோப்பில் 1 எழுதினால் தேடிப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். முகவரியை ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். பக்கத்து முகவரியில் உங்கள் எஸ்எஸ்டி குடியிருக்கலாம்.

பாதையின் மின்சேமிப்புதான் காரணமா என்று அறிய, கிரப் பட்டியலில் இ அழுத்திக் கர்னல் வரியின் கடைசியில் பிசிஐஇ அடிக்கோடு ஏஎஸ்பிஎம் சமம் ஆஃப் என்று சேர்த்து ஒருமுறை எழுப்புங்கள். அது அந்த ஒரு முறைக்கு மட்டும். ஒரு நாள் முழுக்க விழவில்லை என்றால் கிரப் அமைப்பில் நிலையாக்கலாம். இதுவும் பேட்டரியைத் தின்னும்.

ஆனால் இந்த வீட்டில் என் முதல் சந்தேகம் எப்போதும் திருகாணி மேல்தான். பழைய மடிக்கணினி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி, மூன்று வாரம் அளவுரு அளவுருவாக மாற்றிக்கொண்டிருந்தேன். ஏஎஸ்பிஎம் அணைத்தேன், கர்னலைத் தொகுத்துக்கூடப் பார்த்தேன். மடியில் வைத்தால் விழும், மேசையில் வைத்தால் விழாது என்று என் தாளிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. கடைசியில் அடிமூடியைத் திறந்தால் அட்டையைப் பிடித்திருக்க வேண்டிய ஒற்றைத் திருகாணி இல்லை. முந்தைய உரிமையாளரோ பழுதுபார்த்தவரோ மறந்துவிட்டார். அட்டை ஒரு பக்கம் எழும்பி நின்றது. மடியில் வைக்கும்போது உடம்பு வளைய, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

திறக்கும் முன் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரி இணைப்பியையும் விலக்குங்கள். அட்டையைக் கழற்றித் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி பொருத்தலாம். அதன் மேல் இருக்கும் இரண்டு மெல்லிய ஆண்டெனாக் கம்பிகளிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். அந்தக் குட்டிப் பித்தளை வளையங்கள் மாட்டிக் கழற்றி விளையாடச் செய்யப்பட்டவை அல்ல. நேர் மேலிருந்து அழுத்தி மாட்ட வேண்டும், சாய்த்தால் நசுங்கும். காற்றுத் துளைகளில் அடைந்திருக்கும் தூசியையும் அப்போதே எடுங்கள். மெத்தை மேல் வைத்து வேலை செய்யும் பழக்கமிருந்தால், சித்திரை மாதத்தில் மட்டும் வரும் கோளாறு ஏன் வருகிறது என்று உங்களுக்கே விளங்கும்.

அட்டையே செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றால் வாங்குமுன் ஒன்றைப் பாருங்கள். இன்டெல் அட்டைகளில் இரு சாதி. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 போன்றவை தனித்து இயங்கும்; ஏஎம்டி மடிக்கணினியிலும் ஓடும். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவற்றின் பாதி வேலையை இன்டெல்லின் பிரதான சில்லு செய்கிறது; அந்தச் சில்லு இல்லாத கணினியில் மாட்டினால் வெறும் தகடு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கடைக்காரருக்கும் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் எழவே மறுக்கும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிழையைப் பதிவது

எல்லாம் செய்தும் விழுகிறது என்றால் பிழையைக் கர்னல் பக்ஸில்லாவிலோ உங்கள் வினியோகத்தின் பிழைத்தளத்திலோ பதியுங்கள். அட்டையின் பெயர், கர்னல் பதிப்பு, ஏற்றப்பட்ட ஃபர்ம்வேர் பதிப்பு, வடிகட்டாத லாக், உங்கள் தாளில் உள்ள சூழல் எல்லாம் வேண்டும். விழுந்த கணத்தில் அட்டையின் நினைவகத்தைக் கர்னல் படியெடுத்து, சிஸ், கிளாஸ், டெவ்கோர்டம்ப் என்று இறங்கும் அடைவில் வைக்கும். ஐந்து நிமிடம்தான். அதற்குள் நகலெடுக்காவிட்டால் தானே அழிந்துவிடும். உங்கள் வலைப்பின்னலின் பெயரும் முகவரிகளும் அதற்குள் இருக்கக்கூடும் என்பதால், கேட்கும் பொறியாளருக்குத் தனியே அனுப்புங்கள். பொதுவில் தொங்கவிட வேண்டாம்.

திருத்தம் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை உங்கள் தற்காலிக வைத்தியம் மாட்ப்ரோப்-டி கோப்பில் ஒரு வரியாக இருக்கும். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு வரி எழுதிவிடுங்கள்: தேதி, கர்னல் பதிப்பு, எதற்காகப் போட்டது. வீட்டில் போன வருடம் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். மற்றவர்கள் கைபேசியில் 200 மெகாபிட் காட்டும்போது என் மடிக்கணினி மட்டும் இருபதைத் தாண்டவில்லை. ரவுட்டரை மூன்று முறை இடம் மாற்றினேன். இணைப்புக் கொடுத்தவரை வரவழைத்தேன். அவர் வந்து தன் கைபேசியில் வேகம் காட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் மடிக்கணினியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அன்றிரவு மாட்ப்ரோப்-டி அடைவைத் திறந்தேன். 11என் அடிக்கோடு டிசேபிள் சமம் 1. கோப்பின் தேதி நாலு வருடத்துக்கு முந்தையது. மேலே குறிப்பு எதுவும் இல்லை.